லாலிக்கு முதல் வாய்

தை 21, திங்கள்

நர்சம்மா காலையில் வந்து இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். "என்ன உள்ள போகுது, என்ன வெளிய போகுதுன்னு தெனமும் எழுதி வைங்க ஆத்தா. டாக்டரு கேப்பாரு" என்றார். எனக்கு அஞ்சாங்கிளாசு வரைக்கும்தான் படிப்பு என்றேன். "கஞ்சின்னு எழுதத் தெரியும்ல? அது போதும்" என்றார்.

டாக்டர் பார்ப்பதாக இருந்தால் பேர் எழுத வேண்டும். பேர் சேவுகன். வயது எண்பத்து நாலு. ஊரில் பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். எழுதுவது அவர் சம்சாரம் இருளாயி.

காலை: கஞ்சி கால் டம்ளர். மத்தியானம்: ரசஞ்சோறு இரண்டு வாய். சாயங்காலம்: பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூத்திரம் போனார். வெளிக்கு இல்லை.

தை 22, செவ்வாய்

காலை: ஒன்றும் இல்லை.

மத்தியானம் சோற்றைக் குழைய வடித்து மோர் விட்டுப் பிசைந்தேன். ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை, அதனால் உருட்டிக் கையில் வைத்தேன். வாங்கினார். வாயில் வைக்கவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினார். மோர் புளித்துவிட்டது போல என்று பருப்பு ஊற்றி வேறு பிசைந்தேன். அதையும் நீட்டினார். இந்தியில் ஏதோ சொன்னார்.

கார்த்திகையில் மண்டைக்குள் ரத்தம் கட்டியதிலிருந்து தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. ஒரு வார்த்தை வராது. நாம் பேசினாலும் ஏறாது. பட்டாளத்தில் பேசிய இந்தி மட்டும் மிச்சம். சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

தை 23, புதன்

காலை: ஒன்றும் இல்லை. மத்தியானம்: ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் பஞ்சில் நனைத்து.

மகன் தவமணி திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். நர்சம்மா அவனிடம் பேசியிருக்கிறார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாருங்கம்மா. அப்பயும் சாப்பிடலன்னா ஆசுபத்திரியில சேத்து மூக்குல குழாய் வெச்சிருவோம். வேற என்ன செய்யச் சொல்ற?" என்றான். அவன் சொல்வதும் சரிதான்.

கார்த்திகையில் ஒரு தடவை குழாய் வைத்தார்கள். பிடுங்கிப் போட்டார். மூக்கில் ரத்தம். மறுபடியும் பிடுங்குவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலில் கட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும்.

தை 24, வியாழன்

உள்ளே ஒன்றும் போகவில்லை. எழுத ஒன்றும் இல்லை. வேறு எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் இவர் அப்பாவோடு மாடு பிடிக்க மதுரைக்குப் போனார். அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றுவிட்டார். அப்பா காளையோடு ஊர் திரும்பினார், மகன் இல்லாமல். மாமியார் அந்தக் காளைக்கு ஒரு மாதம் தவிடு வைக்கவில்லையாம்.

எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் டிரைவர் உத்தியோகம் என்றார்கள். நாங்கள் லாரி என்று நினைத்தோம். கல்யாணம் ஆகி முதல் லீவில் வந்திருந்தபோது ரைஸ்மில் செட்டியார் கூப்பிட்டு, "தம்பி, டிரைவரு வரல, இந்த லாரிய மட்டும் திருப்பத்தூர்ல கொண்டுபோய் விட்டுருங்க" என்றார். இவர், "நான் ஓட்டுறது நாலு காலு வண்டிண்ணே" என்று சொல்லியிருக்கிறார். மலைக்கு மேலே லாரி போகாத இடத்துக்குக் கோவேறு கழுதைமேல் குண்டும் ரேசனும் ஏற்றிக் கொண்டுபோகிற வேலை. பட்டாளத்தில் அதற்கும் டிரைவர் என்றுதான் பேராம். ஊரே சிரித்தது. கழுதை மேய்க்கவா தம்பி அம்புட்டுத் தூரம் போனே என்று டீக்கடையில் கேட்டார்கள். அன்றோடு அந்த வேலையைப் பற்றி ஊரில் யாரிடமும் வாயைத் திறந்தவரில்லை. மெடல் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. சீனாக்காரன் சண்டைக்கு ஒன்று, பாகிஸ்தான் சண்டை இரண்டுக்கும் ஒவ்வொன்று.

பாகிஸ்தான் சண்டை இரண்டிலும் எனக்குத் தெரிந்தது ரேடியோதான். இவர் வந்து சேரும் வரை ரேடியோ.

பென்சன் வந்த பிறகு காரைக்குடியில் ஒரு பாங்கில் காவலுக்கு இருந்தார். அங்கே துப்பாக்கி கொடுத்தார்கள். தவமணி சின்னப்பயலாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டதற்கு அடித்துவிட்டார். பிள்ளையை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். கார்கில் சண்டை வந்தபோது சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சிவகங்கைக்குப் போய், திரும்பவும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

நானும் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் எனக்கு எப்படி இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுந்து கை கழுவின பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். லீவில் வந்தால் "சேந்து உக்காரு புள்ள" என்பார். மாமியார் இருக்கிற வீட்டில் எங்கே உட்காருவது. மாமியார் போன பிறகும் உட்கார வரவில்லை.

தை 26, சனி

பக்கத்து வீட்டு பிலோமினாவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரரும் பட்டாளம்தான், இப்போது இல்லை. அவள் ஜபல்பூரில் குவார்ட்டர்சில் இருந்தவள், இந்தி தண்ணியாக வரும். முருங்கைக் கொப்பு எங்கள் பக்கம் சாய்ந்ததில் தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்துட்டு இப்ப இந்திக்கு மட்டும் பிலோமி வேணுமாக்கா?" என்றாள்.

"வேணும்டி. வா."

செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தேன். எப்போதும்போல என்னிடம் நீட்டினார், சொன்னார். பிலோமி கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"மொதல்ல நீ தின்னுங்குறாக அக்கா. நீ தின்னாத்தான் நான் திம்பேங்குறாக."

"எவடி அவருக்கு முன்னால திம்பா?"

"அப்ப ரெண்டு பேரும் பட்டினி கிடங்க. இம்புட்டு நாளும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காக. நீங்க தள்ளித் தள்ளி விட்டுருக்கீக."

வாயைத் திறந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார், விரலால் ஊட்டவில்லை. குனிந்து வாயால் எடுத்தேன். நான் மென்று விழுங்குகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்த உருண்டையை அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம்: சோறு ஆறு வாய். சாயங்காலம்: இட்லி ஒன்று. பால் முக்கால் டம்ளர்.

தை 27, ஞாயிறு

தவமணிக்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்ன மாயம் பண்ணுன?" என்று கேட்டான். உங்கப்பா எனக்கு ஊட்டிவிடுறாருடா என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. மோர் ஒத்துக்கொண்டது என்றேன்.

காலை: இட்லி ஒன்றரை. மத்தியானம்: சோறு, பருப்பு. வெளிக்குப் போனார்.

தை 29, செவ்வாய்

நன்றாகச் சாப்பிடுகிறார். நானும் சாப்பிடுகிறேன். பிலோமி தினம் ஒரு எட்டு வந்து பார்த்து, "புதுப்பொண்ணு சாப்பிட்டாச்சா?" என்று கேலி பண்ணிவிட்டுப் போகிறாள். எழுபத்தேழு வயதில் கேட்கிற கேலியா இது.

என்னை லாலி என்று கூப்பிடுகிறார். பிலோமியிடம் கேட்டேன். "வடக்கே பொம்பளப் புள்ளைகளச் செல்லமா அப்படிக் கூப்பிடுவாகக்கா" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள்.

மாசி 1, வியாழன்

மாசம் பிறந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

லாலி யார் என்று நான் யோசிக்கவில்லை. எந்த ஊரோ எந்த மலையோ. வருசத்தில் பத்து மாதம் அங்கே இருந்த மனிதர். இனி தெரிந்து என்ன ஆகப்போகிறது.

காலை: இட்லி ஒன்று. மத்தியானம்: சோறு ஐந்து வாய். எனக்குத்தான் கொஞ்சம் இறங்கவில்லை.

மாசி 2, வெள்ளி

இன்று காலை கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து என் காலைப் பிடித்தார். கெண்டைக்கால் வழியாகக் கையை மெதுவாக வழித்துக்கொண்டே இறங்கி, கணுக்காலுக்கு வந்ததும் ஒரு அழுத்து அழுத்தி, பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் நகத்தால் சுற்றிலும் சுரண்டினார். வெடிப்பு இருக்கிற இடத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் கேட்டார். வாயால் டக் டக் என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

பிலோமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பிலோமி, லாலிங்கறது மனுசியா?"

கீழே இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மனுசிதானான்னு கேக்குறேன்."

"இல்லக்கா."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீங்க தின்ன மறுநாளே. சேணம் உரசுதான்னு கேட்டாக ஒங்கள. நல்லாத்தான சாப்பிடுறாக, அதை எதுக்குக் கெடுக்கணும்னு..."

"போடி" என்றேன். போய்விட்டாள்.

லாலியை எனக்குத் தெரியும். பேர் தெரியாது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். பட்டாளத்தில் மிருகத்துக்குத் தண்ணீர் காட்டி, கொள்ளு வைத்து, கால் நாலையும் தூக்கிப் பார்த்துச் சுரண்டிவிட்ட பிறகுதான் ஆள் சாப்பிடப் போகலாம். அதைப் பட்டினி போட்டுவிட்டு ஆள் தின்றால் தண்டனை. தண்டனைக்காக இல்லை, பழகிவிட்டால் அதற்கு முன்னால் நமக்கு இறங்காது என்றார். சீனாக்காரன் சண்டையில் பின்வாங்கச் சொல்லி எல்லோரும் பனியில் நடந்தபோது, இவருடைய கழுதையின் மேல், குளிரில் கால் வெந்துபோன ஒரு சிப்பாயை ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாராம். ஒரு இடத்தில் அது சறுக்கி விழுந்து முன்னங்கால் போய்விட்டது. நடக்க முடியாத மிருகத்தை எதிரியிடம் விடக்கூடாது, நெற்றியில் வைத்துச் சுட்டுவிட்டு வா என்பது உத்தரவு. அதுவரை சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கழுதைக் கதைதானே என்று நானும்தான் நினைத்தேன்.

மாசி 3, சனி

காலை: ஒன்றும் இல்லை. மத்தியானம்: ஒன்றும் இல்லை.

நான்தான் காரணம். காலையில் இட்லியை நீட்டினார். நான் வாயைத் திறக்காமல், "நான் இருளாயி. என்னைப் பாருங்க. இருளாயி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பேரை அவர் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். யாரோ தெரியாத பொம்பளை வீட்டுக்குள் வந்து சத்தம் போடுகிற மாதிரிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை திரும்பவில்லை. இட்லி கைக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தது.

மாசி 4, ஞாயிறு

குனிந்து உள்ளங்கையிலிருந்து எடுத்தேன். கழுத்தில் தட்டினார்.

காலை: இட்லி ஒன்று. மத்தியானம்: சோறு நாலு வாய்.

நான் இனிமேல் அவர் முன்னால் பேசுவதில்லை. பேசினால் பயப்படுகிறார்.

பிலோமி வந்து வாசலில் நின்றாள். "உள்ள வா, அங்க என்ன வேடிக்க" என்றேன்.

மாசி 7, புதன்

காலை: அரை இட்லி. மூன்றாவது வாய்க்குப் புரை ஏறி முகம் நீலமாகிவிட்டது. நர்சம்மா ஓடி வந்தார். "முழுங்குறது மறந்துக்கிட்டு வருது ஆத்தா. சோறு நுரையீரலுக்குப் போயிரும். கெட்டியா எதுவும் குடுக்காதீங்க. உதட்ட நனைங்க, போதும்" என்றார். தவமணி அவரிடம் குழாய் பற்றிக் கேட்டான் போலிருக்கிறது. "இனிமே வெச்சாலும் அவர வதைக்கிறதுதான். வீட்ல வெச்சுக்கங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

குழாய் வேண்டாம் என்றுதான் இவ்வளவும் செய்தேன். அதையே நர்சம்மா வாயால் சொன்னபோது எனக்கு ஏன் அப்படி ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை.

மாசி 9, வெள்ளி

சோறு வைக்காவிட்டால் கையை விரித்து விரித்துத் தேடுகிறார். அதனால் ஒரு சிறிய உருண்டை வைக்கிறேன். என்னிடம் நீட்டுகிறார். நான் தின்கிறேன். அடுத்ததையும் எனக்கே தருகிறார். அவர் தின்ன வேண்டிய முறை வரும்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். அவர் கேட்பதில்லை. நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு அவர் வாயும் கொஞ்சம் அசைகிறது.

எனக்கு வயிறு நிறைகிறது. அவருக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இதைச் செய்கிறவள் மனுசியா என்று இருக்கிறது. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அவர்: உதடு நனைத்தது மட்டும்.

மாசி 12, திங்கள்

தவமணி வந்துவிட்டான். அப்பா காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் பந்தலுக்குச் சொல்லிவைக்கலாமா என்று யாரிடமோ மெதுவாகப் போனில் பேசினான். காதில் விழுந்தது.

மத்தியானம் இவர் நிறையப் பேசினார். இவ்வளவு பேச்சு எங்கே இருந்ததோ. பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எந்திரி லாலி, இன்னுங் கொஞ்சந்தாங்குறாக... மேல இருந்தவர எறக்கிட்டேன், பாரமில்ல எந்திரிங்குறாக... பையில கொள்ளு கடைசிக் கைதான் இருக்கு, தின்னுங்குறாக. அது வாங்கித் தின்னுச்சாம்."

அப்புறமும் அவர் பேசினார். பிலோமி பேசவில்லை.

"என்னடி?"

"அதுக்கு மேல சொன்னது எனக்கு விளங்கலக்கா. வேற பாசை மாதிரி இருக்கு."

இவ்வளவு நாள் விளங்காத ஒரு வார்த்தை அவளுக்கு இருந்ததில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

மாசி 13, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் தவமணி ஐஸ் பெட்டிக்காரரைப் பார்க்கப் போயிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

உருண்டையை வைத்தேன். நீட்டினார். தின்றேன். கழுத்தில் தட்டவில்லை. என் தலையைத் தன் பக்கம் இழுத்தார். கட்டை விரலை என் நெற்றியில் வைத்தார். இரண்டு புருவத்துக்கும் நடுவில் தேடி, கொஞ்சம் மேலே ஏற்றி, அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தார். பொட்டு அழிந்து விரலில் ஒட்டியது. கண்ணில் நீர் கோத்து நின்றது.

நான் அசையவில்லை.

அப்படியே இருந்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார். கை கீழே இறங்கிக் கழுத்துக்கு வந்தது. தாலிக் கயிறு தட்டுப்பட்டது. மிருகத்தின் கழுத்துக்கயிற்றை அவிழ்ப்பதுபோல் அதைப் பிடித்து முடிச்சைத் தேடினார். பின்னால் தடவினார், முன்னால் தடவினார். முடிச்சு அகப்படவில்லை. தலை வழியாகத் தூக்கப் பார்த்தார். கொண்டையில் மாட்டிக்கொண்டது. இழுக்கப் பலம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

நான்தான் கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். வந்துவிட்டது.

அதைத் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டு என் தோளைத் தள்ளினார். "ஜா" என்றார். அந்த வார்த்தை எனக்கே தெரியும், பிலோமி தெருநாயை விரட்டுகிற வார்த்தை. இவர் விரட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. "ஜா, லாலி" என்றார். கையால் வாசல் பக்கம் காட்டினார்.

நான் அங்கேயே நின்றேன்.

மாசி 14, புதன்

காலை ஆறு மணிக்கு முன்னால் போய்விட்டார்.

மாசி 16, வெள்ளி

வீட்டில் கூட்டம். புதன்கிழமை கொடி போர்த்திப் பட்டாளத்து ஆட்கள் மரியாதை செய்தார்கள். டீக்கடைக்காரர்கூட நின்று சல்யூட் வைத்தார்.

அன்றைக்குக் குளிப்பாட்ட எடுக்கும்போதே நாத்தனார் அழகம்மை என் கழுத்தைப் பார்த்துவிட்டாள். "தாலி எங்கடி?" என்றாள். பொம்பளைகள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அவுகளே கழட்டிட்டாக" என்றேன்.

"புத்தி பேதலிச்சுப் போச்சு இவளுக்கு" என்று ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயிரோட இருக்கும்போதேயா என்று இன்னொருத்தி வாயில் கையை வைத்தாள். அவர் கைக்குள்ளிருந்து அதை விடுவிக்க முடியாமல் அப்படியே கொண்டுபோனார்கள். பிலோமி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இன்று எழுத வேண்டிய கணக்கு ஒன்றும் இல்லை. நர்சம்மாவும் வரமாட்டார். ஆனாலும் இதை எழுத வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து போகிற வரைக்கும் அவர் கண்ணை மூடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போ என்று திரும்பத் திரும்ப வாய் அசைந்தது. கடைசியில் சத்தம் இல்லை, உதடு மட்டும். மகன் வந்தான், தூங்குங்கப்பா என்றான். பார்வை என்னைவிட்டு நகரவில்லை.

வாசற்படி தாண்டி ஒரு பத்தடி நடந்திருந்தால் போதும். லாலி பிழைத்துப் போய்விட்டது என்று பார்த்திருப்பார். கண்ணை மூடியிருப்பார். எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் சாகிற நேரத்தில் அவரை விட்டு எப்படி எழுந்து போவது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.